பம்ப் பெயிண்ட்டுக்கு அடியில் வேங்கை

ஜூலை 26, சனி

விடியலிலிருந்து சாரல். பாலக்காட்டுப் பக்கத்துக் காற்று சன்னலைப் போட்டு ஆட்டுகிறது. வடவள்ளிக்கு வந்து இத்தனை வருடம், ஆடி மாதம் மருதமலை கண்ணில் படுவதே அபூர்வம். துணி காயாது. போகட்டும்.

லேபில் ஒரு வாரம் லீவு. தினம் அறுபது பேர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்த கைக்கு ஓய்வு. ஓய்வு என்று பெயர்தான்.

வேலை: சமையலறை அலமாரி எல்லாவற்றையும் காலி செய்வது. ஆடிப் பதினெட்டுக்கு மாடுலர் கிச்சன்காரர் அளவெடுக்க வருகிறார். ஆவணி பிறந்ததும் பழையதைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் புதுசு. பத்து வருடமாக நான் போட்ட சண்டை. கணவர் செந்தில் (இந்த நோட்டில் செ.; முழுப் பெயர் எழுதுமளவுக்கு அவர் இன்னும் நல்லவராகவில்லை) போன மாதம்தான் சரி என்றார்.

இன்று வெளியே வந்தவை: மூடி இல்லாத டப்பா ஒன்பது. டப்பா இல்லாத மூடி அதற்கு மேல். காலாவதியான பேக்கிங் சோடா. என் கல்யாணத்துக்கு வந்த குக்கர், பெட்டியோடு. செத்த பல்லி.

இந்த அலமாரிகளை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. அடர்பச்சை. மோட்டார் பம்புக்கு அடிப்பார்களே, அதே பச்சை. அதே பெயிண்ட்தான். மாமா, அதாவது என் மாமனார், பம்ப் கம்பெனியில் பெயிண்ட் செக்‌ஷனில் இருந்தவர். வருடா வருடம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்குள் இந்த அலமாரிகளுக்கு ஒரு கோட் அடித்துவிடுவார். ரிட்டையர் ஆன பிறகும் டவுனில் வாங்கி வந்து அடிக்கிறார். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு தவறினாலும் இது தவறாது. கிணற்று மேட்டில் நின்று சமைக்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

சாயங்காலம் கைப்பிடி ஒன்றைக் கழற்றினேன். ஸ்குரூ பெயிண்ட்டுக்குள் புதைந்து கிடந்தது. கத்தியால் நெம்பினேன், ஒரு பெரிய சில்லு பெயர்ந்து வந்தது. சில்லின் ஓரத்தைப் பார்த்தால் பச்சை, நீலம், பச்சை, சாம்பல், மறுபடி நீலம், ஏதோ ஒரு வருடம் சிவப்பு. சுண்டு விரல் நகத்தின் கனத்துக்குள் அத்தனை பொங்கல்.

சில்லு விழுந்த இடத்தில் மரம். தேன் நிறம், ஊடே கருஞ்சிவப்புக் கோடுகள். டார்ச் அடித்தேன். கோடுகள் நகர்வது போல இருந்தது.

அடேயப்பா. பத்தொன்பது வருடமாக இதன் முன்னால் நின்றுதான் நான் தோசை சுட்டேனா?

ஜூலை 27, ஞாயிறு

காலையில் செ.யிடம் சொன்னேன். மாடுலர் வேண்டாம், பெயிண்ட்டை எடுத்துவிட்டு இதையே பாலீஷ் போட்டுக்கொள்ளலாம் என்று. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன் மஞ்சு, தூக்கத்துல பேசறயா?"

"முழிச்சுட்டுத்தான் பேசறேன்."

"பத்து வருஷமா என்ற காதுல ரத்தம் வர்ற அளவுக்குக் கேட்டது நீதானே?"

நான்தான். கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்த இடத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், தடவினார். மனதில் பட்டுவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒப்புக்கொள்வாரா? "ஒரு கதவு. ஆடிப் பதினெட்டுக்குள்ள ஒரே ஒரு கதவை நல்லாப் பண்ணிக் காட்டு. அளவெடுக்க வர்றவர்கிட்ட வேண்டாம்னு நானே சொல்றேன். இல்லாட்டி பேச்சு மூச்சு இருக்கப்படாது" என்றார்.

ஒரு கதவு. ஒரு வாரம். சரி.

மாமா வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன மரம் மாமா என்று கேட்டேன்.

"வேங்கை."

"இவ்வளவு அழகா இருக்குதுங்க! இதுக்கு மேல எதுக்குங்க மாமா பெயிண்ட் அடிச்சீங்க?"

பேப்பரை மடித்தார், விரித்தார். பிறகு மெதுவாக, "எடுக்காத அம்மணி. மழை மாசத்துல ஈரம் ஏறும்" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பிவிட்டார்.

தான் அடித்த பெயிண்ட்டை மருமகள் சுரண்டப் போகிறாள் என்ற வருத்தம். வேறென்ன. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஆனால் விடுவதாக இல்லை.

ஜூலை 28, திங்கள்

வாங்கியவை: பெயிண்ட் ரிமூவர் (இனி பெ.ரி.), சுரண்டி இரண்டு, உப்புத்தாள் மூன்று ரகம், ரப்பர் கையுறை, மாஸ்க். மகள் நிவேதா சென்னை ஹாஸ்டலிலிருந்து போனில் பாடம் எடுத்தாள். "பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும்மா. காய்ஞ்சபடி தேய்க்காத, தூசி உள்ள போயிரும். தண்ணி தொட்டுத் தேய்." யாருக்கு யார் தாய் என்றே தெரியவில்லை.

அடுப்பை முன்னறைக்கு மாற்றியாயிற்று. சமையலறை சன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். பெ.ரி. நாற்றம் மண்டையைப் பிளக்கிறது. அத்தை, அதாவது என் மாமியார், முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்தார். "உன்ற லேப்ல கூட இந்த நாத்தம் வராதாட்டிருக்குது கண்ணு."

சன்னலோரக் கீழ்க் கதவைக் கழற்றிப் பின்புறம் பெஞ்சில் கிடத்தினேன். பூசி, பிளாஸ்டிக் தாள் மூடி, காத்திருந்து, சுரண்டினால் மேல் பச்சை மட்டும் கொப்புளித்து வந்தது. அடியில் இருந்த நீலம் என்னைப் பார்த்துச் சிரித்தது. மறுபடி பூசினேன், கொஞ்சம் அசைந்தது. மறுபடி. தோள்பட்டை கழன்றுவிடும் போல.

தண்ணீருக்குள் வருடக்கணக்காகக் கிடக்கிற பம்புக்கென்றே செய்த பெயிண்ட். என் சுரண்டிக்கு மட்டும் இளகிவிடுமா? கிறுக்கச்சி நான்.

ஆனால் ஒன்று எழுத வேண்டும். கதவைத் திருப்பிப் போட்டபோதுதான் பார்த்தேன். உள்பக்கம், அடி விளிம்பு, கீல் உட்காரும் பள்ளம், தரையைப் பார்த்திருந்த கீழ் ஓரம், எங்கேயும் விட்டுப்போகவில்லை. ஒழுகல் இல்லை, பிரஷ் தடம் இல்லை. யார் கண்ணும் படாத இடத்தில் இவ்வளவு சிரத்தை எதற்கு? ஸ்குரூ ஓட்டைக்குள்கூடப் பெயிண்ட். ஒரு துளி ஈரம் உள்ளே போக வழியில்லாமல் அடைத்திருக்கிறார். மலைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

மாமா மதியமும் வீட்டில் சாப்பிடவில்லை. பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் ஆயிற்றாம். செ. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் திருப்பிப் பார்த்தேன்.

ஜூலை 30, புதன்

நேற்று எழுதவில்லை. விரல் மடங்கவில்லை.

பெயிண்ட் போய்விட்டது! எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த முதல் பூச்சு சாம்பல். அது மட்டும் மரத்தோடு ஒட்டாமல் தோல் போலக் கழன்று வந்தது. ஈரப் பலகை மேல் அடித்திருப்பார்கள் போல. பெயிண்ட் வேலையே பிழைப்பாக இருந்தவர் ஈர மரத்தில் அடிப்பாரா? ஒன்றும் புரியவில்லை.

பெயிண்ட் கழுவிய தண்ணீரைத் தனியாக ஒதுக்கிவிட்டு, கதவைச் சுத்தமாகத் துடைத்து, நல்ல தண்ணீர் தொட்டு மெல்லிய உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பேசினில் தண்ணீர். மரத்தூள் விழுந்து தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. பதினோரு மணி வாக்கில் மேகம் விலகி நல்ல வெயில் அடித்தது.

தண்ணீர் நீலமாகிவிட்டது.

மேலே நின்று பார்த்தால் டீ. சாய்ந்து ஓரத்தில் பார்த்தால் நீலம், மயில் கழுத்து நீலம், உள்ளேயிருந்து ஒளி வருகிற மாதிரி. கையால் கலக்கினேன், நீலம் சுழன்றது. மேகம் மூடியது, நீலம் போயிற்று. வெயில் வந்தது, நீலமும் வந்தது. இதை ஒளிர்வு என்பார்கள், படிக்கிறபோது பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். பெயர் தெரிந்து என்ன பயன்? பேசின் பக்கத்தில் சின்னப் பிள்ளை போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். மயிர் சிலிர்த்தது. இத்தனை வருடம் இந்த நீலம் என் உப்பு டப்பாவுக்குப் பின்னால் சும்மா இருந்திருக்கிறது.

சாமி கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன். யார் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி அக்கா பார்த்துவிட்டார்!

"ஏன் மஞ்சு, பேசினுக்கு எதுக்குக் கும்பிடறே?"

காட்டினேன். வேங்கை என்றதும் கண் விரிந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் காலி பாட்டிலோடு வந்து நிற்கிறார். "சர்க்கரைக்கு நல்லதாமா. நம்மூட்டுக்காரருக்கு ஒரு பாட்டல் ஊத்து சாமி."

"அக்கா, நேத்து வரைக்கும் பம்ப் பெயிண்ட் இருந்த கதவுங்க இது. ஈயம் இருக்கும். குடிச்சா சர்க்கரையோட மனுசனும் போயிருவாரு."

"கொதிக்க வெச்சாப் போயிராதா?"

மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லி அனுப்பினேன். அவர் வீட்டுக்காரரின் போன மாதச் சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது. லட்டுதான் காரணம் என்பதையும்.

மாமா இன்று பின்புறம் வரை வந்தார். பேசினைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்தார், ஈரமாக இருந்த கதவை. முகம் வெளிறிவிட்டது. "உன்ற அத்தை இதைப் பாத்தாங்களா?" என்றார். இன்னும் இல்லைங்க என்றேன். "பாக்க உடாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தை பார்த்தால் என்ன? கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காற்று மட்டும். மழை இல்லை.

நேற்று சன்னலோர அலமாரியின் சட்டத்தையும் சுரண்டி முடித்தேன். கதவு மட்டும் பளபளவென்று, சட்டம் பச்சையாக இருந்தால் செ. குறை சொல்வார்.

இன்று மாமா பேக்கரிக்குப் போனதும் அத்தையை முன்னறையில் உட்கார வைத்துக் கேட்டேவிட்டேன். அத்தை அரைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். சொன்னபடியே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"செந்திலுக்கு முன்னால எனக்கு ரெண்டு தங்கல கண்ணு. மூணாவது இவன். அஞ்சு மாசம். அப்பத்தான் இந்த ஊட்டைக் கட்டிக் குடி வந்தோம். உன்ற மாமன், புள்ள பொறக்கறதுக்குள்ள எல்லாம் ஆகோணும்னு, சரியாக் காயாத வேங்கைப் பலகைய வாங்கி அலமாரி செஞ்சுபோட்டாரு. அப்ப ஓட்டு ஊடு. கார்த்திகை மழை ராவெல்லாம் ஒழுகுது. வெடிஞ்சு அடுப்புப் பத்த வெக்கலாம்னு போறேன், புதுசா அடிச்ச வெள்ளைச் சுவத்துல செவ செவன்னு வழிஞ்சு நிக்குது. ரத்தமாட்டவே. அலமாரிக்குள்ள இருந்து."

மரத்தின் சாயம்தானே என்றேன். சுண்ணாம்பு பட்டுச் சிவந்திருக்கும்.

"இப்ப உனக்குத் தெரியுது, மரத்துச் சாயம்னு. எனக்கு அப்ப அந்த ரெண்டும்தான் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. போட்ட சத்தத்துல தெருவே கூடிப்போச்சு. வாசல்ல போய் உக்காந்தவதான், உள்ள போகமாட்டேனுட்டேன். இவரு ஒரு வார்த்தை பேசல. சைக்கிள எடுத்துட்டுக் கம்பெனிக்குப் போயி ஒரு டப்பா பெயிண்ட்டு வாங்கியாந்து, ஈரத்தோடவே பொழுதுக்குள்ள பூராவும் அடிச்சுப்போட்டாரு. சுவத்தையும் தேச்சுக் கழுவிட்டாரு. அப்பறமும் எனக்கு நடுக்கம் நிக்கல. புள்ள பொறக்கற வரைக்கும் அவரேதான் அரிசியும் பருப்பும் ஆக்கிப் போட்டாரு. எங்க மாமியா ஊர்ல இருந்து வந்தா மட்டும் கரண்டிய என்ற கைல திணிச்சுட்டு வெளிய ஓடிப்போவாரு."

அத்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுக்குத்தான் வருஷா வருஷம் அடிக்கறாருங்களா அத்தை?"

"ம். மறுபடியும் வழிஞ்சு நான் பாத்துருவேன்னு."

"இன்னும் பயமா இருக்குதுங்களா?"

"போ கண்ணு. செந்தில் பொறந்து வீல்னு அழுதான் பாரு, அந்தச் சத்தத்துலயே எல்லாம் போயிருச்சு."

"மாமாகிட்டச் சொன்னீங்களா?"

அத்தை கீரையை அள்ளிக்கொண்டு அலசப் போய்விட்டார்.

பின்புறம் போனேன். சுரண்டிப் போட்ட பெயிண்ட் சில்லெல்லாம் சாக்கில் குவியலாகக் கிடக்கிறது. கட்டி வெளியே போட வேண்டியது. போட முடியவில்லை. நாற்பது வருடத்துக்கும் மேலாக ஒரு மனிதர் இல்லாத பயத்துக்குக் காவல் நின்றிருக்கிறார். ஒரு வருடம் தவறவில்லை. முதுகுப் பிடிப்போடு ஏணி மேல் நின்று அடித்த வருடம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, "இந்த மனுசனுக்கு வேற வேலையே இல்ல" என்று அப்போது செ.யிடம் நொடித்தேன். எவ்வளவு பெரிய விஷயத்துக்குள் நின்று நான் கடுகு தாளித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நினைக்க நினைக்க ஆச்சரியம் தீரவில்லை.

இப்போது என்ன செய்வது? நான் எடுத்தது பெயிண்ட் இல்லை, அவருடைய காவல். மாடுலர் வந்தால் மரமே போய்விடும், மாமாவுக்கு நிம்மதி. மரம் நின்றால் மழைக்கு மழை அவர் தூங்க மாட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

அரக்கு பாலீஷ். கடைக்காரர் சொன்ன வழி: பஞ்சைத் துணியில் பொதிந்து, மெல்லிசாக, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் மரம் உள்ளேயிருந்து மேலே வருகிறது. சூரியன் மறைவதற்குள் கதவில் என் முகம் தெரிந்தது. முகம் சுமார்தான். கதவுதான் அழகு.

தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். முத்து முத்தாக நின்றது. துடைத்தால் துணியில் சாயம் இல்லை. அரக்கு அடைத்துவிட்டது. மாமாவிடம் காட்ட ஓடினேன். "சரி அம்மணி" என்றார். நம்பவில்லை.

செ. கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீயா பண்ணுன?" என்றார். பிறகு, "அப்பா மனசு சரியில்ல மஞ்சு. அவரு வேண்டாம்னா நான் வேணும்னு சொல்ல மாட்டேன்." அதுவும் நியாயம்தான். அத்தை சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான் இல்லை.

சட்டத்துக்கு இன்னும் பாலீஷ் போடவில்லை. நாளைக்கு. நாற்றம் போக சன்னல் திறந்தே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

ராத்திரி சாரல் சன்னல் வழியாக அடித்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அசந்து தூங்கிவிட்டேன்.

காலையில் மாடுலர்காரர் டேப்போடு வந்து, வாசலில் செ.யோடு பேசிக்கொண்டிருந்தார். நான் காபியோடு சமையலறைப் பக்கம் போனேன். உள்ளே மாமா. தரையில் மண்டி போட்டு, ஈரத்துணியால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். சன்னலோரச் சட்டத்திலிருந்து வெள்ளைச் சுவரில் செம்பழுப்பாக இரண்டு கோடு இறங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்க இழுவிப் பெரிதாகிறது. வேட்டியெல்லாம் கறை. மூச்சு வாங்குகிறது.

"மாமா, நான் தொடைக்கறனுங்க, எந்திரிங்க."

"நீ போயி அத்தைய வாசல்லயே நிறுத்தி வெய்யி. போ அம்மணி, சீக்கிரம்!"

இந்த வீட்டில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திரும்பினேன். அத்தை என் பின்னாலேயே நிற்கிறார்.

மாமா முதுகால் சுவரை மறைத்துக்கொண்டார். எழுபதைத் தாண்டிய மனுஷர், கையில் துணியோடு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு. "ஒண்ணுமில்ல. வெளிய போ. மரத்துச் சாயம். ஒண்ணுமில்ல."

"தெரியுமுங்க."

"பாக்காத."

"பாத்துட்டனுங்க." அத்தை போய் அவர் பக்கத்தில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். சுவரை விரலால் தொட்டு, விரலை அவருக்குக் காட்டினார். "எனக்குப் பயமெல்லாம் இல்லீங்க. செந்தில் பொறந்தன்னிக்கே போயிருச்சு."

மாமாவுக்குப் புரிய நேரம் ஆயிற்று. வாசலில் செ.யின் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பேரும் வந்து கதவருகே நிற்கிறார்கள்.

"செந்தில் பொறந்தன்னிக்கா?"

"ஆமாங்க."

"அப்பறம் ஏன் சொல்லல? வருஷா வருஷம் அடிச்சுட்டே இருந்தனே."

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணப் பெண் மாதிரி. "எனக்காக அடிக்கறீங்கள்ல. அதைப் பாத்துட்டே இருக்கோணும்னு இருந்துச்சுங்க."

மாடுலர்காரர் டேப்பைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்தார். செ. அவர் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போனார். "இன்னைக்கு அளவு வேண்டாமுங்க" என்பது காதில் விழுந்தது. "என்னைக்குமே வேண்டாமுங்க."

மாமா சுவரைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். கடைசியில் நிஜமான கவலையோடு அத்தையைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப வர்ற பொங்கலுக்கு நான் என்ன பண்றது?"

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். பின்புறப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுத்தெல்லாம் கலைகிறது. இன்னும் மேல் அலமாரி முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கிறது, ஏணி இல்லாமல் எனக்கு எட்டாது, அரக்கும் தீர்ந்துவிட்டது, செ.யை அனுப்பி

உள்ளேயிருந்து மாமா கூப்பிடுகிறார். சுரண்டி எங்கே வைத்தாய் அம்மணி என்கிறார்.